ஊருக்கு வர மறுக்கும் பிள்ளைகள்

மும்பை: "பரீட்சை முடிந்ததும் ஊருக்குப் போகிறோம்" என்றால் எட்டு வயதுப் பிள்ளை குதிக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மே மாதம் நெருங்கினால் தாராவியில் பல தமிழர் வீடுகளில் இதே வழக்குத்தான்.

2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. மே பயணத்துக்கு மார்ச்சில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். பிள்ளைக்கு அப்போது பரீட்சை நேரம். தகப்பனார் தாமே தேதி குறிக்கிறார், டிக்கெட் எடுக்கிறார், பிறகு அறிவிக்கிறார். சண்டை அங்கே தொடங்குகிறது.

அமெரிக்க மனோதத்துவ அறிஞர் டயானா பாம்ரிண்ட் 1960-களில் பெற்றோரை மூன்று வகையாகப் பிரித்தார். "சொன்னதைச் செய்" என்பவர்கள் ஒரு வகை. கண்டிப்போடு காரணமும் சொல்லி, பிள்ளையின் பேச்சையும் கேட்பவர்கள் இரண்டாம் வகை. பிள்ளையின் போக்கிலேயே விட்டுவிடுபவர்கள் மூன்றாம் வகை. கண்டுகொள்ளாத பெற்றோர் என்ற நான்காம் வகை 1983-ல் சேர்ந்தது. இரண்டு ஷிப்டு பார்த்துவிட்டு வந்து தூங்கும் தகப்பனை இதில் சேர்ப்பது நியாயமல்ல!

அதட்டினால் பையன் வருவான். ஒன்றரை நாள் பயணத்தில் மேல் பெர்த்தை விட்டு இறங்கமாட்டான். காரணம் சோம்பல் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். பல வீடுகளில் உண்மை வேறு. அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. ஊரில் பஸ்ஸின் போர்டைப் படிக்கத் தெரியாமல் நிற்கும்போது அத்தை பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மும்பையில் அவன் 'மதராசி', திருநெல்வேலியில் 'இந்திக்காரன்'. பெண் பிள்ளையின் குறை இன்னொன்று. இங்கே லோக்கல் ரயிலில் தனியாக டியூஷன் போகிறவள், அங்கே தெருமுனைக் கடைக்குப் போகவும் துணை தேட வேண்டும். போதாக்குறைக்குக் கல்யாணப் பேச்சு.

தன் விருப்பம், தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, தன் மனிதர்கள் என்ற ஒட்டுதல்: இம்மூன்றும் இருந்தால்தான் ஒருவர் மனமுவந்து எதையும் செய்வார் என்கிறார்கள் டெசி, ரயான் என்ற அறிஞர்கள். அதட்டுகிற வீட்டில் முதல் இரண்டும் போய்விடுகின்றன. "வராவிட்டால் போ" என்று பக்கத்து வீட்டில் விட்டுப் போகும் வீட்டில் மூன்றாவது போகிறது. இரண்டு கோடை அப்படிப் போனால் பாட்டியிடம் போனில் பேசவும் பையனுக்குப் பேச்சு வருவதில்லை.

போவதா வேண்டாமா என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும். எத்தனை நாள், நடுவில் எந்த ஊர் என்பதைப் பிள்ளையிடம் விடலாம். குற்றாலம் என்று கேட்டால் அங்கே சீசன் ஜூனில்தான் என்று சொல்லிவிடுவது நல்லது. ஜூன் நடுவில் மும்பைப் பள்ளிகள் திறந்துவிடும். அதற்குப் பதில் கன்னியாகுமரி போகலாம். டிக்கெட்டை அவனே போனில் எடுக்கட்டும். ஊரில் தாத்தாவை பாங்குக்கு அழைத்துப்போகும் பொறுப்பும் அவனுடையதாக இருக்கட்டும். பாஸ்புக்கில் வரவு வைத்துத் தருகிற பேரனைப் பார்த்து அத்தை பிள்ளைகள் சிரிக்கமாட்டார்கள்.

பெண்ணிடம் தாய் முன்கூட்டியே ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும்: கல்யாணப் பேச்சை யார் எடுத்தாலும், பதில் சொல்வது அம்மாதான்.