பார்த்தவரே கேட்க வேண்டும்

அந்தமான் தீவுகளில் ஒரு வங்கிக் கிளையில் சில ஆண்டுகள் பணியாற்றினாலே வாடிக்கையாளர்களின் வழக்கங்கள் மனத்தில் பதிந்துவிடுகின்றன. ஓய்வூதியம் பெறும் பெரியவர் மாதத்தின் முதல் வாரத்தில் வருவார்; பாஸ்புக்கில் பதிவு செய்துகொள்வார்; சற்று நேரம் பேசியிருந்துவிட்டுச் செல்வார். சரக்குக் கப்பல் வந்ததும் கடைக்காரர்கள் சென்னை மொத்த வியாபாரிகளுக்குப் பணம் அனுப்ப வருவார்கள். இவ்வாறு திரும்பத் திரும்ப நிகழும் செயல்களின் ஒழுங்கையே நடத்தை வடிவம் என்கிறோம். அதனைக் கவனித்து, அன்றாடச் சிக்கல்களுக்கு வழி காண்பது பயன்பாட்டு உளவியலின் பணிகளுள் ஒன்று.

மனிதனின் நடத்தை அவனது இயல்பையும் அவனைச் சூழ்ந்த நிலையையும் சேர்ந்தே பொறுத்தது என்று 1936ஆம் ஆண்டில் குர்ட் லெவின் எழுதினார். இந்த எளிய கருத்து வங்கிப் பணியில் எத்துணைப் பயனுடையது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

மேற்சொன்ன பெரியவர் மாத நடுவில் ஒருநாள் பரபரப்புடன் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே முடித்து, அறிமுகமில்லாத ஒரு கணக்குக்கு முழுத் தொகையையும் அனுப்பக் கோருகிறார். கைப்பேசி இணைப்பு துண்டிக்கப்படாமல் இருக்கிறது. காரணம் கேட்டால் கண்களைத் தவிர்க்கிறார். ஆள் மாறவில்லை, அவரைச் சூழ்ந்த நிலை மாறியிருக்கிறது. மறுமுனையில் யாரோ அவரை ஆட்டுவிக்கிறார் என்று ஐயுற இடமுண்டு.

'டிஜிட்டல் கைது' என்னும் மோசடி இவ்வகையைச் சேர்ந்தது. காவல்துறை அல்லது சி.பி.ஐ. அதிகாரி போன்று காணொலி அழைப்பில் தோன்றுபவர், உங்கள் பெயரில் வழக்கு உள்ளது என மிரட்டுவார். எவரிடமும் பேசக் கூடாது என்பார். உடனே பணம் அனுப்பச் சொல்வார். நம் நாட்டுச் சட்டத்தில் இப்படியொரு கைது முறையே கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று ஒலிபரப்பான 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பிரதமரும் இதுகுறித்து எச்சரித்தார். 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் இத்தீவுகளுக்கு வேகமான இணையத்தைக் கொண்டுவந்தது. அதே வழியில் மோசடிக்காரரின் குரலும் முகமும் தெளிவாக வந்து சேர்கின்றன.

படித்தவர்களும் இதற்கு ஏன் பணிகிறார்கள்? 1963இல் ஸ்டான்லி மில்கிராம் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. அதிகார தோரணையுடன் ஒருவர் கட்டளையிட்டபோது, பங்கேற்ற 40 பேரில் 26 பேர், பக்கத்து அறையில் இருந்தவருக்கு மின்னதிர்ச்சி தருவதாக நம்பிக்கொண்டே இறுதி அளவு வரை சென்றனர். அதிர்ச்சி உண்மையில் தரப்படவில்லை. ஆனால் பணிந்தது உண்மை. எனவே ஏமாந்தவரை அறிவிலி என்று எண்ணுவது தவறு.

அடுத்து, குழுவின் நடத்தைக்கு வருவோம். அந்தப் பெரியவரின் பதற்றத்தை வாயிற்காவலர், காசாளர், வரிசையில் நிற்பவர்கள் எனப் பலரும் பார்த்திருக்கக்கூடும். ஆயினும் 'வேறு யாரேனும் கேட்பார்கள்' என்று ஒவ்வொருவரும் இருந்துவிட வாய்ப்புண்டு. 1968இல் லாடனே, டார்லி ஆகிய இருவரும் ஓர் அறைக்குள் புகையைச் செலுத்தி இதனைச் சோதித்தனர். தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் எழுந்து சென்று தெரிவித்தனர். மூவர் சேர்ந்திருந்த குழுக்களில் 38 விழுக்காட்டில் மட்டுமே எவரேனும் தெரிவித்தனர். ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த இருவர் அசையாமல் அமர்ந்திருந்தபோதோ 10 விழுக்காட்டினரே எழுந்தனர். அக்கம்பக்கத்தாரின் அமைதியை, ஆபத்து இல்லை என்பதற்கான சான்றாக நாம் கொண்டுவிடுகிறோம்.

இந்த மௌனத்தை உடைக்க முடியும் என்பதற்கு நம் கடலிலேயே சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையை இத்தீவுகளில் வாழ்வோர் எவரும் மறக்க இயலாது. அன்று, சுமத்ராவுக்கு மேற்கே நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த சிமெலுவே தீவில் சுமார் 78,000 மக்கள் வாழ்ந்தனர். உயிரிழந்தோர் ஏழு பேர் என்றே பதிவாகியுள்ளது. 1907இல் நேர்ந்த பேரலையின் நினைவை அம்மக்கள் 'ஸ்மோங்' என்ற ஒரே சொல்லில் தலைமுறைகளுக்குக் கைமாற்றி வந்தனர். நிலம் பலமாக அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓட வேண்டும். முதலில் உணர்ந்தவர் அச்சொல்லைக் கூவ வேண்டும். அடையாளமும் செயலும் முன்பே முடிவாகியிருந்தமையால், அடுத்தவர் முகத்தைப் பார்த்துத் தயங்க வேண்டிய தேவை எழவில்லை.

வங்கிக் கிளைக்கும் குடும்பத்துக்கும் இத்தகைய முன்முடிவு வேண்டும். 'முதலில் கவனித்தவரே கேட்க வேண்டும்' என்பது கிளையில் விதியாக இருப்பின் தட்டிக்கழித்தல் குறையும். வீட்டிலோ, பெருந்தொகை எதையும் இன்னொருவரிடம் சொல்லாமல் அனுப்புவதில்லை என்று உறுதி செய்துகொள்ளலாம். 'யாரிடமும் சொல்லாதே' என்ற கட்டளையையே அபாயக் குரலாகக் கொள்ளலாம். பணம் போய்விட்டதெனில் வெட்கத்தால் மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணிக்கும் தொகை கணக்குவிட்டுக் கணக்கு மாறிச் செல்லும்.

ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். நடத்தையைக் கவனிப்பது மனத்தைப் படிப்பது ஆகாது. மகளின் திருமணத்துக்கோ அவசர அறுவைச் சிகிச்சைக்கோ ஒருவர் பதற்றத்துடன் பணம் எடுக்கலாம். ஓர் அறிகுறி மட்டும் எதையும் நிறுவாது. வழக்கத்திலிருந்து பல விலகல்கள் ஒருங்கே தோன்றும்போதுதான் ஐயம் பொருளுடையதாகிறது. அப்போதும் நாங்கள் செய்யக்கூடியது, தனியே அமரச் செய்து, தண்ணீர் கொடுத்து, கனிவுடன் கேட்பதே.

ஆகவே, அடுத்த முறை கவுண்ட்டரில் எவரேனும் 'யாருக்கு அனுப்புகிறீர்கள், ஐயா?' என்று கேட்டால் சினம் கொள்ள வேண்டாம். உங்கள் வாழ்நாள் சேமிப்பைக் காக்க அந்த ஒரு கேள்வியே போதுமானதாக இருக்கக்கூடும்.