துபாயில் வீடு வாங்கும் விஷயம்

மும்பையில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு வீடு என்பது தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் கவலை. மாதுங்காவில் ஒற்றை அறையில் குடித்தனம் தொடங்கியவர்களின் பிள்ளைகள் செம்பூருக்கும் முலுண்டுக்கும் பெயர்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் தொம்பிவலிக்கும் அதற்கு அப்பாலும் சென்றார்கள். இப்பொழுது நம்மவர் சிலருடைய பார்வை அரபிக் கடலையே தாண்டிவிட்டது. நகரத்தின் பெரிய ஹோட்டல்களில் துபாய் வீட்டுக் கண்காட்சிகள் நடைபெறுகின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மை மாளிகை, உபசாரமாகக் காப்பி, கையில் வழவழப்பான வர்ணப் புத்தகம். கேட்பதோ சொற்ப முன்பணம். சங்கத்து அன்பர்கள் இரண்டு மூன்று பேர் இதைப் பற்றி நம்மிடம் விசாரித்ததால், நாம் அறிந்தவற்றை இங்கே எழுதத் துணிந்தோம். நாம் ரயில்வேயில் ஒரு குமாஸ்தா. சட்டம் பயின்றவர் அல்லோம். ஆனால், காகிதத்தின் பின்பக்கத்தையும் படித்துவிட்டே கையெழுத்திட வேண்டும் என்ற பழக்கத்தைச் சரக்கு ஆபீஸ் நமக்கு அளித்திருக்கிறது.

துபாயில் அயல்நாட்டார் சொந்தமாக வீடு வாங்குவது பழைய வழக்கமன்று. 2002-ஆம் ஆண்டில்தான் அதற்கு அனுமதி அறிவிக்கப்பட்டது. 2006-ஆம் ஆண்டின் 7-ஆவது சட்டம் அதற்கு உறுதியான உருவம் கொடுத்தது. குறிப்பிட்ட சில பகுதிகளில் மட்டுமே அயல்நாட்டார் முழு உரிமையோடு வாங்கலாம். இடைப்பட்ட காலத்தில் வீடுகள் வெறும் வரைபடத்தைக் காட்டியே விற்கப்பட்டன. வாங்கியவர் மறு மாதமே இலாபம் வைத்து இன்னொருவருக்குக் கைமாற்றுவார்; அவர் மற்றொருவருக்கு. அஸ்திவாரம் தோண்டாத கட்டடத்தின் பதினெட்டாவது மாடி மூன்று பேர் கை மாறியிருக்கும்!

2008-இல் உலகெங்கும் பண நெருக்கடி வந்தபோது இந்த ஆட்டம் நின்றது. விலைகள் பாதிக்குப் பாதியாகச் சரிந்தன. 2009 நவம்பரில் துபாய் அரசாங்கத்தைச் சேர்ந்த பெருநிறுவனம் ஒன்றே கடன்காரர்களிடம் தவணை கேட்க நேர்ந்தது. டிசம்பரில் அபுதாபி ஆயிரம் கோடி டாலர் தந்து உதவியது. அடுத்த சில வாரங்களில், 2010 ஜனவரி 4-ஆம் தேதி, 828 மீட்டர் உயரக் கோபுரம் திறக்கப்பட்டது. அதுவரை 'புர்ஜ் துபாய்' என வழங்கியது அன்று அபுதாபி அதிபரின் பெயரால் 'புர்ஜ் கலீபா' ஆயிற்று. கடலை நிரப்பிப் பனைமர வடிவில் அமைத்த தீவுகளில் ஒன்றான பாம் ஜெபல் அலியின் வேலை அந்த நெருக்கடியில் நின்றது. 2023-இல்தான் மறுபடி தொடங்குவதாக அறிவித்தார்கள். இடையில் கழிந்த காலத்தில் ஒரு குழந்தை பிறந்து பள்ளிப் படிப்பின் பெரும்பகுதியை முடித்திருக்கும்.

அதன் பிறகு விதிகள் கடுமையாயின என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2007-ஆம் ஆண்டின் 8-ஆவது சட்டப்படி, கட்டி முடியாத வீட்டுக்கு வாங்குவோர் செலுத்தும் பணம் அந்தக் கட்டடத்துக்கென்றே வைத்த தனிக் கணக்கில் சேர வேண்டும். வேலை நடக்க நடக்கத்தான் கட்டுநர் அதிலிருந்து எடுக்கலாம். 2008-ஆம் ஆண்டின் 13-ஆவது சட்டப்படி, அத்தகைய விற்பனையை நில இலாகாவின் இடைக்காலப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். அப்பதிவுக்கு 'ஓகூத்' என்று பெயர். நம் சரக்கு ஆபீசில் ரயில்வே ரசீது எப்படியோ, அங்கே ஓகூத் அப்படி. அது கைக்கு வராத வரையில் நம்மிடம் இருப்பது வர்ணப் புத்தகம் மட்டுமே.

விதிகள் வாங்குவோரைக் காப்பது போலவே கட்டுநரையும் காக்கின்றன. இந்த இரண்டாவது பாகத்தைக் கண்காட்சியில் யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. வாங்கியவர் தவணை தவறினால் நில இலாகாவின் மூலம் 30 நாள் நோட்டீஸ் வரும். அதற்குள் கட்டாவிட்டால் ஒப்பந்தம் ரத்தாகலாம். அப்போது கட்டட வேலை 60 சதவீதத்துக்கு மேல் நடந்திருந்தால், வீட்டு விலையில் 40 சதவீதம் வரை கட்டுநர் நிறுத்திக்கொள்ள இடமுண்டு. கட்டிய பணத்தில் 40 அன்று, மொத்த விலையில் 40. இருபது இலட்சம் திர்ஹம் வீட்டுக்கு அது எட்டு இலட்சம் திர்ஹம். அதுவரை எட்டு இலட்சம் கட்டியிருந்தவர் வெறுங்கையோடு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

இருபது இலட்சம் என்ற தொகையை நாம் வேண்டுமென்றே எடுத்துக்கொண்டோம். அவ்வளவு மதிப்புள்ள சொத்து வாங்கினால் பத்தாண்டு வாசம் செய்ய 'கோல்டன் விசா' கிடைக்கும் என்பதுதான் இந்த வியாபாரத்தின் பெரிய தூண்டில். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ரிசர்வ் வங்கியின் திட்டப்படி ஒரு நிதியாண்டில் இரண்டரை இலட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். டாலருக்கு 3.6725 திர்ஹம் என்பது 1997 முதல் நிலையாக இருக்கும் விகிதம். ஆகவே ஒருவர் அனுப்பக்கூடியது 9,18,125 திர்ஹம். கணவனும் மனைவியும் சேர்ந்து அனுப்பினாலும் 18,36,250 தான். இருபது இலட்சத்துக்கு இன்னும் 1,63,750 குறைகிறது. மூன்றாவது ஆள் வேண்டும், அல்லது அடுத்த ஏப்ரல் மாதம் வர வேண்டும். இதற்கு மேல் பதிவுக் கட்டணம் 4 சதவீதம், அதாவது 80,000 திர்ஹம். ஆண்டுதோறும் சதுர அடிக் கணக்கில் பராமரிப்புக் கட்டணம். இந்தத் திட்டத்தில் வெளிநாட்டுச் சொத்துக்காக அனுப்பும் பணத்துக்கு இந்திய வங்கிகள் கடன் கொடுக்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 1997-இல் திர்ஹம் ஒன்றுக்கு ஏறக்குறைய பத்து ரூபாய். இன்று இருபதுக்கும் மேல். திர்ஹத்தில் தவணை மாறாது, ரூபாயில் அது ஏறிக்கொண்டே போகும்.

நம்முடன் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரின் மகன் துபாயில் எஞ்சினீயர். "அப்பா, உங்கள் செட்டில்மெண்ட் பணம் அங்கே தூங்குகிறது, ஐம்பது இலட்சம் அனுப்பினால் முதல் தவணைகளை முடித்துவிடுவேன்" என்று மகன் சொல்ல, அவர் காகிதங்களை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். மகன் கெட்டிக்காரன், தகப்பனிடம் பிரியமுள்ளவன். ஆனால் நாம் கேட்ட முதல் கேள்வி, "வீடு யார் பெயரில் சார்?" என்பதே. அதை அவர் யோசித்திருக்கவில்லை.

மகன் அங்கே வசிப்பவன். தன் சம்பாத்தியத்தில் அங்கே வாங்கினால் இந்தியாவில் யாருடைய அனுமதியும் வேண்டாம். நாளைக்கு வேலையை விட்டு இந்தியா திரும்பினாலும், வெளிநாட்டில் வசித்தபோது வாங்கிய சொத்தை வைத்துக்கொள்ளலாம் என்று 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டமே சொல்கிறது. தகப்பனாரின் நிலை வேறு. அவர் ஐம்பது இலட்சம் அனுப்பினால், முதல் பத்து இலட்சம் போக மீதி நாற்பதின் பேரில் 20 சதவீதம், எட்டு இலட்சம் ரூபாயை, வங்கி வரிக் கணக்கில் பிடித்துக்கொள்ளும். அது திரும்பக் கூடிய பணந்தான். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து காத்திருந்து பெற வேண்டும். மகன் பெயரில் மட்டும் வீடு இருந்தால், கொடுத்தது கொடைதான். தம் பெயரையும் சேர்த்துக்கொண்டால் அவர் வெளிநாட்டுச் சொத்துக்காரர் ஆகிவிடுவார். பென்ஷன்காரர்கள் பழகிய 'சஹஜ்' என்னும் எளிய படிவம் அவருக்கு உதவாது. பெரிய படிவத்தில் ஆண்டுதோறும் அச்சொத்தின் விவரம் எழுத வேண்டும். அங்கே வாடகைக்கு வருமான வரி இல்லை என்கிறார்களே, அந்த வாடகையில் அவருடைய பங்குக்கு இங்கே வரி உண்டு. எழுதாமல் விட்டால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி பத்து இலட்சம் ரூபாய் வரை போகும் அபராதம் காத்திருக்கிறது. யோக்கியமாகச் சேர்த்த பணமாயிற்றே என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

இவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி, "அவனுக்கு ஒன்று என்றால்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். மங்களமாகப் பேச வேண்டிய நேரத்தில் இதென்ன என்று பெரியவர் முகம் சுளித்தார். நமக்கோ அதுவே அன்றைய பேச்சில் மிக முக்கியமான கேள்வியாகப் பட்டது. 2023 பிப்ரவரி முதல் அமலில் இருக்கும் ஐக்கிய அரபுச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் காலமானால் சொத்தில் பாதி மனைவிக்கும், மறு பாதி பிள்ளைகளுக்குச் சமமாகவும் செல்வது பொது விதி. மனைவி மக்கள் உள்ளவனின் சொத்தில் பணம் போட்ட பெற்றோருக்குப் பங்கு தேடினால் கிடைப்பது அரிது. உயில் இருந்தால் அதன்படி நடக்கும். முஸ்லிம் அல்லாதவர் உயிலைப் பதிவு செய்ய 2015 முதல் துபாயில் தனி அலுவலகமே இருக்கிறது.

அன்றிரவு தகப்பனும் மகனும் தொலைபேசியில் நெடுநேரம் பேசியிருக்கிறார்கள். பெரியவர் பத்து இலட்சம் மட்டும் மகனுக்குக் கொடையாக அனுப்பினார். அந்தத் தொகைக்கு வங்கி எதுவும் பிடிக்கவில்லை. முப்பது இலட்சத்தைத் தபால் ஆபீசில் மூத்த குடிமக்கள் சேமிப்பில் போட்டுவிட்டார். மிச்சம் அவர் வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது. மகன் கடல் தெரியும் மாளிகையை விட்டுவிட்டு, தன் சம்பளத்துக்குக் கிடைக்கும் கடனில், கட்டி முடிந்து ஆள் குடியிருக்கும் கட்டடம் ஒன்றில் ஒரு படுக்கையறை வீட்டைப் பேசி முடித்திருக்கிறான். கோல்டன் விசாவுக்கு அது போதாது. உயில் பதிவுக்கும் நாள் குறித்தாகிவிட்டது. அதை நினைவூட்டியது மருமகள்தானாம்.