நாமே கட்டுவதா, பிறரைக் கொண்டு கட்டுவதா?



திருத்தணி முருகன் மலைக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி, ஆர்.கே.பேட்டை என்னும் ஊர் உள்ளது. இராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்பது அதன் முழுப்பெயர். திருத்தணி வட்டாரம் 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில்தான் ஆந்திரத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு வந்து சேர்ந்தது. எல்லைப்புறமாதலால் அங்குத் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும். சுவர் கட்டுபவரை ஒருவர் கொத்தனார் என்பார். அடுத்த வீட்டார் தாப்பி மேஸ்திரி என்பார். ஊரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் நெசவே பெருந்தொழில்.

அத்தகைய ஊரில், தறி ஒன்றை நம்பி வாழும் குடும்பம் ஒன்று ஒரு சிறிய வீடு கட்ட முற்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் இருக்கும் பணமோ குறைவு. வீட்டில் உழைக்கும் கைகள் நான்கு உண்டு. 'கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கொடுக்கும் கூலியை நாமே மிச்சப்படுத்தினால் என்ன?' என்னும் எண்ணம் அவர்களுக்கு எழுவது இயல்பே. இவ்வெண்ணம் எந்த அளவுக்குச் சரி, எந்த இடத்தில் தவறு என்பதையே இன்று ஆராய்வோம்.

முற்காலத்தில் இக்கேள்வி இவ்வளவு கடுமையாக எழவில்லை. மண்சுவர் எழுப்பிப் பனையோலை வேய்ந்த வீட்டை ஊரார் கூடி ஒருவருக்கொருவர் துணையாய்க் கட்டிக்கொண்டனர். சுவர் சாய்ந்தால் மறுபடி எழுப்பினர். கூரை நைந்தால் மறுபடி வேய்ந்தனர். பிழைகள் கண்ணுக்குத் தெரிந்தன. அவற்றைத் திருத்துவதும் எளிதாயிருந்தது. கம்பியும் சிமெண்டும் வந்த பின்பு நிலைமை மாறிற்று. வீடு உறுதியாயிற்று; ஆனால் அவ்வுறுதி நம் கண்ணுக்கு எட்டாத இடத்திற்குப் போய்விட்டது. இந்த மாற்றத்தை உணர்ந்தால்தான் நம் கேள்விக்கு விடை கிடைக்கும்.

தமிழக அரசு 2024-இல் கலைஞரின் கனவு இல்லம் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி வீடு ஒன்றின் பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் அமையவேண்டும். அந்தத் தளத்தையே கணக்கிட்டுப் பார்ப்போம். நான்கு அங்குலக் கனம் என்றால் அது 100 கன அடிக் கான்கிரீட். ஒரு பங்கு சிமெண்டு, ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்னும் விகிதத்தில் கலந்தால், ஏறத்தாழ 23 மூட்டை சிமெண்டு செலவாகும். தளத்தின் எடை ஏழு டன். அந்த ஏழு டன்னுக்குக் கீழேதான் அக்குடும்பம் இரவில் படுத்து உறங்கும்.

இனி, அத்தளம் எவ்வாறு நிற்கிறது என்று பாருங்கள். கான்கிரீட் அமுக்கத்தை நன்கு தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதன் இழுவலிமை அமுக்க வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. இரு சுவர்களின்மேல் கிடக்கும் தளம் நடுவில் தொய்ய முயலும்போது அதன் அடிப்பாகம் இழுபடும். ஆகவே கம்பி அடியில் இருக்கவேண்டும். சன்னலுக்கு மேலே வெளியே நீண்டு நிற்கும் சன்ஷேடோ ஒரு பக்கம் மட்டுமே பிடிப்புடையது. அது கீழ்நோக்கி வளைய முயலும்போது மேற்பாகம் இழுபடும். ஆகவே அங்குக் கம்பி மேலே இருக்கவேண்டும். விவரம் அறியாதவர் இரண்டிற்கும் ஒரே மாதிரி கம்பி கட்டுவர். அன்றியும், சரியாகக் கட்டிய கம்பியைக் கலவை கொட்டுவோர் காலால் மிதித்துக் கீழே இறக்கிவிடுவதும் உண்டு. கம்பியின் எடை குறையவில்லை; சிமெண்டின் அளவு குறையவில்லை; இடம் இரண்டு அங்குலம் மாறியது, அவ்வளவே. ஆயினும் அந்தச் சன்ஷேடு ஒரு நாள் முறிந்து விழக்கூடும். கலவை இறுகிய பின்பு இப்பிழையை வெளியிலிருந்து யாராலும் காண இயலாது.

நெசவு அறிந்த மாணவர்களுக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். பாவில் ஓர் இழை அறுந்தால் நெய்பவர் உடனே காண்பார். தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டுவிட்டு மேலே நெய்வார். கான்கிரீட்டில் அறுந்த இழையைக் காண வழியில்லை; கண்டாலும் முடிச்சுப் போட முடியாது.

எனவே வேலைகளைப் பிரிக்கும் முதற்கேள்வி இதுதான்: இவ்வேலையில் பிழை நேர்ந்தால் அது கண்ணுக்குத் தெரியுமா? தெரிந்தால் திருத்த முடியுமா? சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். திட்டுத் திட்டாகப் படிந்தால் மறுநாள் இன்னொரு முறை அடிக்கலாம். கதவுக்கு வண்ணம் பூசுதல், மனையைச் சமப்படுத்துதல், அடித்தளத்தினுள் மண் கொட்டி நீர் விட்டு இடித்துக் கெட்டிப்படுத்துதல், செங்கல் சுமத்தல், வேலி கட்டுதல் ஆகிய யாவும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றைக் குடும்பத்தாரே தாராளமாகச் செய்யலாம். கடைக்கால், தூண், லிண்டல், தளம், கழிவறைக் குழாய்களின் வாட்டம் ஆகியவை மறு வகையைச் சேர்ந்தவை. இவற்றில் தேர்ந்த கை வேண்டும்.

இரண்டாவது கேள்வி உயிரைப் பற்றியது. நம் அறியாமையால் பிறர்க்கோ நமக்கோ உயிர்க்கேடு நேருமா? மின்சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மின்னிணைப்பு வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே செய்யவேண்டும் என்று 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் கூறின. 2023-இல் மத்திய மின்சார ஆணையம் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் அதனையே வலியுறுத்துகின்றன. ஆயினும் விளக்கு, மின்விசிறி, உருகி, சுவிட்சு போன்றவற்றைப் பழையபடியே மாற்றிப் பொருத்துவதற்கு அவை விலக்கு அளிக்கின்றன. சட்டமே ஒரு கோடு போட்டுக் காட்டியிருப்பதைக் கவனியுங்கள். உள்ளதை உள்ளபடி மாற்றுவது நம் வேலை. புதிதாகக் கம்பி இழுப்பது அவ்வேலை கற்றவரின் வேலை.

மற்றோர் ஆபத்துப் பலருக்குத் தெரிவதில்லை. பழைய கழிவுநீர்த் தொட்டிக்குள் நச்சுக்காற்று இருக்கும் என்பது பலரும் அறிந்ததே. அதனுள் தக்க பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது. ஆனால் புதிதாகக் கட்டி மூடிவைத்த தொட்டியும் உயிரைக் குடிக்கும். உள்ளே தங்கிய நீரும், முட்டுக்கொடுத்த மரமும் பலகையும் பல நாள் நனைந்து அழுகுவதால், அங்குள்ள உயிர்க்காற்று குறைந்துபோகும். 'இன்னும் பயன்படுத்தாத தொட்டிதானே' என்று பலகை பிரிக்க இறங்கியவர் மயங்கி விழுவதும், அவரைத் தூக்கச் சென்றவரும் உடன் மாள்வதும் நம் நாட்டில் நேர்ந்துள்ளன. இத்தகைய வேலையில் நான்கு காசு மிச்சம் பிடிக்க எண்ணுவது பேதைமை.

மூன்றாவது கேள்வி பணக்கணக்கு. நம் உழைப்புக்கு விலை இல்லை என்று எண்ணுவதே பலரும் செய்யும் தவறு. நெசவாளர் ஒருவரின் வருவாய் நாளொன்றுக்கு 500 ரூபாய் என்றும், கொத்தனாரின் கூலி 1,000 ரூபாய் என்றும் ஒரு பேச்சுக்குக் கொள்வோம். கொத்தனார் நான்கு நாளில் முடிக்கும் பூச்சு வேலைக்குக் கூலி 4,000 ரூபாய். பழக்கமில்லாத நெசவாளர் அதையே பன்னிரண்டு நாளில் முடித்தால், தறி நின்ற இழப்பு 6,000 ரூபாய். வீணாகும் சிமெண்டும் மணலும் தனி. இங்கே மிச்சம் எது? ஆனால் மழைக்காலத்தில் பாவு கிடைக்காமல் தறி சும்மா நிற்கும் நாட்கள் வேறு. அந்நாட்களில் மண் சுமந்தாலும் வண்ணம் பூசினாலும் அது தூய மிச்சமே. ஆகவே 'என்னால் இது முடியுமா?' என்று கேட்பதோடு நிற்கலாகாது. 'இந்த நாளில் நான் வேறு என்ன செய்திருப்பேன்?' என்றும் கேட்கவேண்டும்.

தன் வீட்டைத் தானே கட்டுதல் என்றால் எல்லாச் செங்கல்லையும் தானே அடுக்குவது என்று பொருளன்று. இதற்கு நம் இனத்தார் வாழும் ஈழத்திலேயே சான்று உண்டு. உள்நாட்டுப் போர் முடிந்த பின், இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் இந்திய அரசின் உதவியால் வீடுகள் எழுந்தன. முதலில் 1,000 வீடுகள் கட்டுமான நிறுவனத்தின் வழியாகக் கட்டப்பட்டு 2012-இல் முடிந்தன. அவ்வாண்டு அக்டோபர் மாதம் தொடங்கிய அடுத்த கட்டத்தில், 45,000 வீடுகளுக்கு வேறு முறை கையாளப்பட்டது. புது வீட்டுக்கு இலங்கைப் பணத்தில் 5,50,000 ரூபாயும், பழுது பார்ப்பதற்கு 2,50,000 ரூபாயும் குடும்பத்தாரிடமே தவணை தவணையாக வழங்கினர். வேலை ஒரு கட்டம் முடிந்தது எனக் கண்டபின் அடுத்த தவணை. அக்குடும்பத்தார் கொத்தரையும் தச்சரையும் தாமே அமர்த்தினர்; பொருள்களைத் தாமே வாங்கினர்; இயன்ற வேலைகளைத் தாமே செய்தனர். அறிந்தவரின் வழிகாட்டலும் அவர்களுக்குக் கிடைத்தது.

நம் நாட்டிலும் 2016-இல் தொடங்கிய ஊரக வீட்டுத் திட்டமாகிய பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நெறி இதுவே. அரசு ஒப்பந்தக்காரரை அமர்த்திக் கட்டித் தருவதில்லை. பயனாளியே கட்டவேண்டும், அல்லது தம் மேற்பார்வையில் கட்டுவிக்கவேண்டும். அதே திட்டத்தின் கீழ் ஊரகக் கொத்தனார்களுக்கு 45 நாள் பயிற்சியும் வகுத்துள்ளனர். உரிமையாளரின் அக்கறையும் தொழிலாளியின் தேர்ச்சியும் சேர்ந்தாலன்றி வீடு உருப்படாது என்பதையே இவை காட்டுகின்றன. பொறுப்பு இன்னும் கூடியிருக்கிறது என்றே சொல்லவேண்டும். 2,500 சதுர அடி வரை மனையுள்ள, 3,500 சதுர அடிக்கு மேற்படாத வீடுகளுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி பெறும் ஏற்பாட்டைத் தமிழக அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்தது. விதிப்படி கட்டுவேன் என்று சான்று கூறுபவர் வீட்டுக்காரரே.

ஆகவே, வேலையைப் பிறரிடம் ஒப்படைத்த பின்பும் நம் கடமை தீர்வதில்லை. கலவை கொட்டுவதற்கு முன் கம்பி உரிய இடத்தில் உள்ளதா என்று பார்க்கலாம். சுவர் நேராக நிற்கிறதா என்பதைத் தூக்குக்குண்டு சொல்லிவிடும். கலவையில் வேண்டாத நீரை ஊற்றினால் கொத்தனாருக்குக் கரணை எளிதில் ஓடும். கான்கிரீட்டுக்கோ வலிமை குறையும். இதை அறிந்தவர் பணிவாகவும் உறுதியாகவும் தடுக்கலாம். பதினைந்து அடிக்கு உட்பட்ட இடைவெளியுள்ள தளமானாலும் ஏழு நாளைக்கு முன் முட்டுக்களை அகற்றலாகாது. எது யார் வேலை, பொருள் யாருடையது, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்பவற்றைத் தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டுக்கொள்ளுதல் நலம். நட்பு கெடாமல் இருக்க அதுவே வழி.

வீட்டார் மட்டுமே செவ்வனே செய்யக்கூடிய வேலை ஒன்றும் உண்டு. அதுதான் நீராற்றுதல். சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை. நீரோடு கூடி வேதிமாற்றம் அடைந்தே இறுகுகிறது. ஈரம் போய்விட்டால் அம்மாற்றம் பாதியில் நின்றுவிடும். சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது ஏழு நாளும், வெப்பமும் வறட்சியும் மிக்க காலத்தில் பத்து நாளும் ஈரம் காக்கவேண்டும். இப்போது பெரிதும் விற்கும் கலப்புச் சிமெண்டுக்குப் பத்து நாளுக்குக் குறையலாகாது. பதினான்கு நாள் நன்று. தளம் போட்ட மறுநாள் கொத்தனார் அடுத்த ஊர் வேலைக்குப் போய்விடுவார். தளத்தின்மேல் சிறு பாத்தி கட்டி நீர் நிறுத்தவும், தூண்களுக்கு ஈரச்சாக்குச் சுற்றவும், சித்திரை வெயிலில் வேளை தவறாது நீர் தெளிக்கவும் அங்கு இருப்பவர் வீட்டாரே. பள்ளி செல்லும் பிள்ளைகளும் செய்யக்கூடிய இப்பணிக்குக் கூலி இல்லை. ஆனால் தேர்ந்த கொத்தனாரின் உழைப்பு வீணாகாமல் காப்பது இதுவே.

எவ்வேலையை எவரிடம் ஒப்படைப்பது என்பதற்காகவே வள்ளுவர் தெரிந்துவினையாடல் என ஓர் அதிகாரம் வகுத்தார். அரசர்க்குச் சொன்ன அந்நெறி, சிறு வீடு கட்டும் நெசவாளர்க்கும் பொருந்தும். நெசவு எளிது, எவரும் நெய்யலாம் என்று ஒருவர் சொன்னால் நெசவாளர் நகைப்பார். பல்லாண்டுப் பழக்கத்தால் வந்த தேர்ச்சி அது என்பதை அவர் அறிவார். அதே மதிப்பைக் கொத்தனாரின் கரணைக்கும் அவர் தரவேண்டும். பிழை தெரியும் வேலையைத் தாமே செய்து பழகுவோம். பிழை மறையும் வேலையைத் தேர்ந்தவரிடம் கொடுத்து அருகிருந்து காண்போம். மாணவர்களே, உங்கள் வீட்டில் கட்டட வேலை நடக்கும் நாளில், கம்பி கட்டும் இடத்திற்குச் சென்று நின்று பாருங்கள். ஏன் இக்கம்பி மேலே, அக்கம்பி கீழே என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். நல்ல தொழிலாளி மகிழ்ந்து விடை சொல்வார். வீட்டில் ஒருவர் அவ்விடையைக் கேட்டு அறிந்திருப்பது, அங்கு வாழ்வோர் அனைவர்க்கும் பாதுகாப்பாகும்.