பொருட்காட்சிக் கூட்டம் ஊரின் வளத்தைக் காட்டுமா?

“இவ்வாண்டு பொருட்காட்சியில் கால் வைக்க இடமில்லை, மக்கள் கையில் பணம் புழங்குகிறது” என்று சிலர் மகிழ்வதையும், “சந்தையில் ஆளே இல்லை, காலம் கெட்டுவிட்டது” என்று வேறு சிலர் வருந்துவதையும் நாம் அடிக்கடி கேட்கிறோம். கூட்டத்தைக் கொண்டு செல்வநிலையை மதிப்பிடும் இவ்வழக்கம் பழையது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும், அவ்வுண்மை எவ்வளவு என்பதை அறியாமல் பஞ்சாயத்தார் சந்தைக் குத்தகையை நிர்ணயித்தாலும், உழவர் கடன் வாங்கினாலும், இழப்பு அவர்களையே சேரும். ஆகவே இதனைச் சற்று விரிவாக ஆராய்வது நலம் பயக்கும்.

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரப் பகுதியில், வத்திராயிருப்பை அடுத்துள்ள வ. புதுப்பட்டியை எடுத்துக்கொள்வோம். நெல்லும் தென்னையும் விளையும் வட்டாரம் அது. அங்குள்ள உழவர் ஒருவர் விதை வாங்கவோ, தேங்காய் விற்கவோ, மாடு பிடிக்கவோ சந்தைக்குச் செல்கிறார். சித்திரைத் திங்களில் மதுரைப் பொருட்காட்சிக்குக் குடும்பத்தோடு போகிறார். புதிய கருவிகளைக் காண விரும்பினால் கோவையில் கொடிசியா அமைப்பினர் நடத்தும் வேளாண் கண்காட்சிக்கும் செல்கிறார். இம்மூன்று இடங்களிலும் அவர் கூட்டத்தில் ஒருவரே. ஆனால் மூன்றும் ஒரே செய்தியைச் சொல்வதில்லை.

கூட்டம் அறிகுறியாவது ஏன்?

கண்காட்சியில் கடை எடுக்கும் வியாபாரி, பல மாதங்களுக்கு முன்னரே இடத்துக்குப் பணம் கட்டுகிறார். சரக்கை ஏற்றி வரச் செலவு செய்கிறார். ஆட்களுக்குக் கூலியும் உணவும் அளிக்கிறார். விற்பனை நடக்கும் என்னும் நம்பிக்கை இல்லாதவர் இவ்வளவு செலவு செய்யமாட்டார். எனவே கடைகளின் எண்ணிக்கை, வியாபாரிகள் வருங்காலத்தைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணத்தைக் காட்டுகிறது.

காண வருபவரும் இலவசமாக வருவதில்லை. ஒரு நாள் வேலையை விடுகிறார், பேருந்துக் கட்டணம் தருகிறார், நுழைவுச்சீட்டு வாங்குகிறார். வாங்கும் எண்ணமும் வசதியும் ஓரளவேனும் உள்ளவரே இவ்வாறு வருவர். ஆகவே வருவோர் தொகை, மக்களின் அன்றைய நிலையைக் காட்டுகிறது. கண்காட்சி முடிந்தபின் வியாபாரிக்குக் கிடைக்கும் கொள்முதல் உத்தரவுகளோ, அடுத்து வரும் மாதங்களில் தொழில் எவ்வாறு நடக்கும் என்பதைக் காட்டுகின்றன. முன்னர் கடை, நடுவில் கூட்டம், பின்னர் உத்தரவு என இம்மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவரே நிலைமையைச் சரியாக அறிவர். கூட்டத்தை மட்டும் பார்ப்பவர் மூன்றில் ஒன்றையே பார்க்கிறார்.

லண்டன் பொருட்காட்சி தரும் பாடம்

உலகப் பொருட்காட்சிகளுக்கு முன்னோடியாக விளங்கியது, 1851 ஆம் ஆண்டு மே முதல் அக்டோபர் வரை லண்டன் நகரில், கண்ணாடியாலும் இரும்பாலும் அமைத்த பெரிய மண்டபத்தில் நடந்த பொருட்காட்சியாகும். ஏறத்தாழ 60 லட்சம் நுழைவுகள் அங்கே பதிவாயின. இங்கிலாந்தின் தொழில்வளத்துக்கு இதனைச் சான்றாகக் கூறுவர். அது தவறன்று.

ஆயினும் இன்னொரு செய்தியையும் நாம் கவனிக்க வேண்டும். தொடக்க நாட்களில் நுழைவுக் கட்டணம் மிக உயர்வாக இருந்தது, செல்வந்தரே வந்தனர். மே மாத இறுதியில் வாரத்தின் பல நாட்களுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங்காகக் குறைக்கப்பட்டது. ரயில் வண்டிகளும் குறைந்த கட்டணத்தில் தொலைவிலுள்ள தொழிலாளரை ஏற்றி வந்தன. அதன்பின்னரே பெருங்கூட்டம் திரண்டது. மே மாதத்துக்கும் ஜூன் மாதத்துக்கும் இடையே இங்கிலாந்து மக்கள் திடீரெனச் செல்வராகிவிடவில்லை. கட்டணந்தான் இறங்கியது, வண்டி வசதிதான் பெருகியது.

இப்பாடம் நம் ஊருக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் 2021 ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். அதன்பின் ஒரு சந்தையில் பெண்கள் கூட்டம் பெருகியிருந்தால், அதனை வருமானம் பெருகியதன் அடையாளமாக மட்டும் கொள்ளலாகாது. போக்குவரத்துச் செலவு நீங்கியதும் ஒரு காரணமாகும். மீந்த பணம் சந்தையில் செலவாயிற்றா, வீட்டிலேயே தங்கிற்றா என்பதைத் தனியே பார்த்தாக வேண்டும்.

டில்லியில் கண்டவை

புதுடில்லி பிரகதி மைதானத்தில் 1980 முதல் நவம்பர் மாதந்தோறும் இந்தியப் பன்னாட்டு வர்த்தகப் பொருட்காட்சி நடைபெற்று வருகிறது. மாநிலங்களும் சிறு தொழிலாளரும் கைவினைஞரும் அங்கே கடை வைக்கின்றனர். அதன் வரலாற்றில் மூன்று ஆண்டுகள் நமக்குப் பாடமாகும்.

2016 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆம் நாள் இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. ஆறு நாட்களில் பொருட்காட்சி தொடங்கியது. கையில் சில்லறை இல்லாமையால் விற்பனை மந்தமாயிற்று என்று கடைக்காரர் பலர் முறையிட்டனர். இங்கே பொருட்காட்சி, நாட்டின் பணநிலையை உள்ளபடியே காட்டியது எனலாம்.

2018 ஆம் ஆண்டு, மைதானத்தின் பழைய கட்டடங்களை அகற்றிப் புதியன எழுப்பும் பணி நடந்தமையால் இடம் சுருங்கியது. நாள்தோறும் உள்ளே விடப்படுவோர் தொகைக்கு வரம்பு விதிக்கப்பட்டது. அவ்வாண்டுக் கூட்டம் குறைந்ததற்குக் காரணம் இடநெருக்கடியே அன்றி மக்களின் வறுமை அன்று.

2020 ஆம் ஆண்டு கொரோனா நோயின் காரணமாகப் பொருட்காட்சியே நடைபெறவில்லை. மதுரையிலும் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் சித்திரைத் திருவிழா பொதுமக்கள் கூடாமல் நடந்தது. அவ்வாண்டுகளைத் தொடக்கமாக வைத்து, “கூட்டம் பன்மடங்கு உயர்ந்துவிட்டது” என்று கணக்குக் காட்டுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

தொழில் வளர்ந்திருக்கவே கண்காட்சி மறைவதும் உண்டு. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் 1979 முதல் நடந்த ‘காம்டெக்ஸ்’ என்னும் கணிப்பொறிக் கண்காட்சிக்கு ஒரு காலத்தில் 2 லட்சம் பேர் வந்தனர். பின்னர்க் கூட்டம் விரைந்து குறைந்து, 2003 ஆம் ஆண்டோடு அது நின்றுபோயிற்று. தொடக்கத்தில் அதன் சரிவு கணிப்பொறித் தொழிலின் மந்தத்தைக் காட்டியது உண்மையே. ஆனால் அத்தொழில் மீண்டும் தழைத்தபோதும் கண்காட்சி மீளவில்லை. வாங்குவோரும் விற்போரும் சந்திக்க வேறு வழிகளைக் கண்டுகொண்டனர். நம் ஊர்ச் சந்தையில் கூட்டம் குறைந்தாலும், மக்கள் வாங்குவதை நிறுத்திவிட்டனரா, அல்லது நகரத்துக் கடையிலும் கைபேசியிலும் வாங்குகின்றனரா என்று கேட்ட பின்னரே முடிவு கூற வேண்டும்.

நிறைந்த சந்தை துயரத்தைக் காட்டுவதும் உண்டு

உழவர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது மாட்டுச் சந்தையாகும். 2016 ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் மிகவும் பொய்த்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. இத்தகைய காலத்தில் வைக்கோல் கிடைப்பதில்லை. கிணற்றில் நீர் இறங்குகிறது. மாட்டைக் காப்பாற்ற இயலாதவர் அதனைச் சந்தைக்கு ஓட்டி வருகிறார். சந்தை மாடுகளால் நிறைகிறது, ஆட்களும் நிறைகின்றனர். பார்ப்பவர்க்கு அது செழிப்பாகத் தோன்றும். ஆனால் விற்க வந்தவர் பலர், வளர்க்க வாங்குபவர் சிலர், விலையோ பாதாளத்தில். அங்கே நிறைந்திருப்பது வளம் அன்று, துயரம்.

அதே 2017 ஆம் ஆண்டு மே மாதம், சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் விதிகளை மத்திய அரசு வெளியிட்டது. சில நாட்களில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. உச்சநீதிமன்றம் அத்தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. இத்தகைய குழப்பம் நிலவும் நாட்களில் வியாபாரிகள் வர அஞ்சுவர், சந்தை வெறிச்சோடும். கோமாரி நோய் பரவும்போது சந்தையை மூடிவைப்பதும் உண்டு. வறட்சியால் நிறைந்த சந்தையும், சட்டத்தாலும் நோயாலும் வெறிச்சோடிய சந்தையும், தலைகளை மட்டும் எண்ணுபவரைத் தவறான முடிவுக்கே கொண்டு செல்லும்.

திருவிழாக் கூட்டமும் அப்படியே. ஆடி அமாவாசையன்று சதுரகிரி மலைக்கும், ஆடிப்பூரத் தேரோட்டத்துக்குத் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பெருந்திரளான மக்கள் வருகின்றனர். பக்தியால் வரும் கூட்டம் அது. பால்கோவாக் கடைக்கும் தேநீர்க் கடைக்கும் அதனால் வருவாய் உண்டு; எனினும் அது வட்டாரத்து உழவரின் வரவுசெலவுக்கு அளவுகோல் ஆகாது.

எவற்றைக் கணக்கெடுப்பது?

அவ்வாறாயின், கூட்டத்தைக் கணக்கெடுப்பதே வீணா என்று வினவலாம். வீணன்று. அதனோடு வேறு சிலவற்றையும் சேர்த்துக் கணக்கெடுக்க வேண்டும். பஞ்சாயத்தார் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் எழுதி வரத்தக்கவை வருமாறு:

1. எத்தனை கடைகள் வந்தன? அவற்றுள் சென்ற முறை வந்தவை எத்தனை? நட்டமடைந்த வியாபாரி மீண்டும் வரமாட்டார். திரும்ப வருவோர் தொகையே நம்பத்தக்க அறிகுறி.

2. வெளியேறும் வழியில் அரைமணி நேரம் இருவர் நின்று, பொருளோடு செல்வோரையும் வெறுங்கையோடு செல்வோரையும் தனித்தனியே எண்ண வேண்டும்.

3. விற்காத சரக்கில் எவ்வளவு வண்டியில் திரும்பிப் போயிற்று?

4. ரொக்கத்துக்கு விற்றது எவ்வளவு, கடனுக்கு விற்றது எவ்வளவு? கைபேசி வழியாகச் செலுத்தும் பணத்தையும் ரொக்கமாகவே கொள்ளலாம்.

5. மாட்டுச் சந்தையாயின், வந்த மாடு எத்தனை, விலைபோனது எத்தனை, உழவுக்கும் பாலுக்கும் வாங்கப்பட்டது எத்தனை?

6. அன்று மழையா, திருவிழாவா, பள்ளி விடுமுறையா என்பதையும் ஓரத்தில் குறிக்க வேண்டும்.

இரண்டாவது கணக்கின் பயனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். இவ்வெண்கள் கணக்கு விளங்கும் பொருட்டு நாமே அமைத்தவை. ஒரு சந்தைக்குச் சென்ற ஆண்டு ஆவணி இரண்டாம் வாரம் 800 பேர் வந்து, 480 பேர் பொருள் வாங்கினர் என்று கொள்வோம்; அது நூற்றுக்கு 60. இவ்வாண்டு அதே வாரம் 1,000 பேர் வந்து, 400 பேர் வாங்கினர். அது நூற்றுக்கு 40. கூட்டம் நூற்றுக்கு 25 வீதம் உயர்ந்தது. ஆனால் வாங்கியோர் 80 பேர் குறைந்தனர். கூட்டத்தைக் கண்டு மகிழ்ந்தவர் உண்மைக்கு நேர்மாறான முடிவையே எய்தியிருப்பார்.

ஒப்பிடும் காலமும் ஒத்திருக்க வேண்டும். தீபாவளி 2023 இல் நவம்பர் 12 ஆம் நாளும், 2024 இல் அக்டோபர் 31 ஆம் நாளும், 2025 இல் அக்டோபர் 20 ஆம் நாளும் வந்தது. அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிட்டால், ஓராண்டு பண்டிகைச் சந்தையும் ஓராண்டு சாதாரணச் சந்தையும் எதிரெதிரே நிற்கும். பண்டிகைக்கு முந்திய வாரத்தைப் பண்டிகைக்கு முந்திய வாரத்தோடும், அறுவடை வாரத்தை அறுவடை வாரத்தோடும் ஒப்பிடுவதே முறை.

சரிபார்க்க வேறு கணக்குகளும் உள்ளன. 1999 நவம்பர் 14 ஆம் நாள் மதுரையில் முதன்முதலாகத் திறக்கப்பட்ட உழவர் சந்தைகள் இன்று பல ஊர்களில் இயங்குகின்றன. காய்கறி வரத்தும் விலையும் அங்கே நாள்தோறும் குறிக்கப்படுகின்றன. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் விளைபொருளின் எடையும் ஏல விலையும் பதிவாகின்றன. கூட்டம் சொல்வதும் இப்பதிவுகள் சொல்வதும் ஒத்திருந்தால் நம்பலாம். மாறுபட்டால் மேலும் விசாரிக்க வேண்டும்.

குத்தகையும் கடனும்

இவ்வளவு கணக்கு எதற்கு எனச் சிலர் கருதலாம். சந்தையின் சுங்க வசூலைக் குத்தகைக்கு விடும்போது இதன் பயன் விளங்கும். ஒரு திருவிழா வாரத்துக் கூட்டத்தைக் கண்டு குத்தகைத் தொகையை மிகையாக உயர்த்தினால், குத்தகைதாரர் அதனைச் சிறு வியாபாரிகளிடமிருந்தே பெற முற்படுவார். கீரைக்கட்டு விற்கும் மூதாட்டியின் மேல் அச்சுமை இறங்கும். ஓராண்டில் கடைகள் வேறு சந்தைக்குப் போய்விடும். அடுத்த ஏலத்தில் பஞ்சாயத்தே நட்டமடையும். மாறாக, ஒரு மழை நாளின் வெறுமையைக் காட்டித் தொகையைக் குறைக்கச் சொல்வோரும் உண்டு. ஓராண்டுக் கணக்கைக் கையில் வைத்திருக்கும் பஞ்சாயத்து இவ்விரண்டு வழியிலும் ஏமாறாது.

உழவருக்கும் ஒரு சொல். கண்காட்சியில் ஓர் உழுகருவியைச் சுற்றிப் பெருங்கூட்டம் நிற்பதைக் கண்டு, “இத்தனை பேர் விரும்புவது நமக்கும் நல்லதே” என்று கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது தகாது. அங்கு நிற்போருள் பலர் வேடிக்கை பார்ப்பவர். அக்கருவி நம் நிலத்தில் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் ஓடும், உதிரி பாகம் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ கிடைக்குமா, வேளாண் பொறியியல் துறை வாடகைக்கு விடும் கருவியைக் கொண்டு அதே வேலையை முடிக்கலாகாதா என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை கண்ட பின்னரே பணப்பையைத் திறக்க வேண்டும். கருவியை அன்றே வாங்காமல், அதன் விவரத்தாளை மட்டும் எடுத்துக்கொண்டு வீடு திரும்புவது எவ்வகையிலும் குறைவு ஆகாது.

பொருட்காட்சிகளும் சந்தைகளும் நம் வாழ்வுக்குத் தேவையானவை. அவற்றுக்குச் செல்வதால் அறிவும் தொடர்பும் வளர்கின்றன. அங்கே கூடும் கூட்டமும் ஒரு செய்தியைச் சொல்லவே செய்கிறது. ஆனால் நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியர், நாடி விரைவாக அடிக்கிறது என்பதனால் மட்டும் உடல்நலம் நன்று என்று கூறுவதில்லை. அவ்விரைவு உழைப்பால் வந்ததா, காய்ச்சலால் வந்ததா என்று கேட்கிறார். ஊரின் நலம் காக்கும் பஞ்சாயத்தாரும் அவ்வாறே கேட்டல் வேண்டும். அடுத்த சந்தை நாளிலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அப்பணியைத் தொடங்கலாம்.