ஒரு வருடம் தாமதித்தால் என்ன?

கம்பஸ் கிடைத்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் எமது குடும்பங்களில் இன்னொரு கேள்வி எழுந்துவிடுகிறது. மூன்று வருடத்தில் பொதுப் பட்டத்தோடு வெளியேறுவதா, நான்காம் வருடமும் இருந்து சிறப்புப் பட்டம் பெறுவதா? கலைப்பீட மாணவர்கள் பலர் முதலாம் வருடப் பெறுபேறு வந்த கையோடு இதற்கு விடை சொல்ல வேண்டியவர்களாகின்றனர்.

ஹட்டனுக்கு அண்மையில் ஒரு வீட்டில் இக்கேள்வியோடு அமர்ந்திருந்தோம். மண்சரிவில் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் இழந்து, உறவினரின் லயன் காம்பராவில் ஒதுங்கியிருக்கும் குடும்பம். தகப்பனிடம் மண்வெட்டி இருக்கிறது, கொத்துவதற்கு நிலமில்லை. தாய் கொழுந்தெடுக்கிறார். பேராதனையில் படிக்கும் மகன் பொருளியலில் சிறப்புக் கற்கைக்குத் தகுதி பெற்றிருக்கிறான். "சாமி, ஒரு வருசம்ங்கறது மத்தவங்களுக்கு ஒரு வருசம். எங்களுக்கு அது எத்தனை பேருன்னு எண்ணிப் பாருங்க" என்றார் தாய்.

எண்ணித்தான் பார்த்தோம். 2024ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக்கப்பட்டது. மகாபொல உதவித்தொகையை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்த 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தது. அதாவது மாதத்திற்கு ஐந்தாறு பேருக்குச் சமமான தொகை. அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசு இவற்றுக்கு அது காணாது. மீதியை வீடுதான் சுமக்க வேண்டும்.

காலத்தையும் கணக்கிட வேண்டும். 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலும், 2022ஆம் ஆண்டுக்குரியது 2023 ஜனவரியிலும்தான் நடைபெற்றன. கொரோனாவும் பொருளாதார நெருக்கடியும் தின்ற காலம் அது. இரண்டாம், மூன்றாம் தடவை எழுதி உட்புகுந்த பிள்ளை நான்கு வருடம் முடிக்கையில் இருபத்தாறைத் தாண்டக்கூடும். இலங்கை நிர்வாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சைக்கு வயதெல்லை உண்டு. அரசாங்கம் பட்டதாரிகளை மொத்தமாகச் சேர்க்கும்போதும் பட்டம் செல்லுபடியாகும் திகதியைப் பார்க்கிறது. 2020இல் மாதம் 20,000 ரூபா கொடுப்பனவோடு பயிலுனர்களைச் சேர்த்தபோது அத்திகதி எத்தனை வீடுகளில் பேசப்பட்டது என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஆசிரியர் நியமனத்திற்குப் பொதுப் பட்டமே போதும்.

அப்படியானால் விரைந்து வெளியேறுவதே புத்தியா? ஒரு காலத்தில் நாமும் அப்படித்தான் எண்ணினோம். பல வருடங்களுக்கு முன் கெட்டிக்காரியான ஒரு மாணவிக்கு, "வீட்டு நிலைமையைப் பார் மகள், மூன்று வருடத்தோடு வந்துவிடு" என்று புத்தி சொன்னோம். ஆசிரியையானார், குடும்பமும் நிமிர்ந்தது. பின்னர் ஆய்வுப் பட்டம் படிக்க விண்ணப்பித்தபோதுதான் வாசல் மூடியிருப்பது தெரிந்தது. பல்கலைக்கழக விரிவுரையாளராவதற்குச் சிறப்புப் பட்டம் வேண்டும், அதிலும் முதலாம் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ வேண்டும். நாட்டின் தகைமைச் சட்டகத்தில் பொதுப் பட்டம் 5ஆம் படி, சிறப்புப் பட்டம் 6ஆம் படி. அந்த ஒரு படியை ஏற அவருக்கு மேலதிகமாகச் சில வருடங்கள் பிடித்தன. அவர் எம்மைக் குறை சொன்னதில்லை. ஆயினும் அன்று நாம் வீட்டு நிலைமையைப் பார்த்தோமே தவிர, அவருடைய பெறுபேற்றுத் தாளைக் கேட்டுப் பார்க்கவில்லை.

ஆகவே இம்முறை தாளைக் கேட்டோம். நல்ல பெறுபேறு. பாடத்தில் அவனுக்கு உண்மையான விருப்பமும் இருந்தது. வேலையில்லை என்ற பயத்தில் வளாகத்திலேயே ஒதுங்கிக்கொள்ள நான்காம் வருடத்தைத் தேடுவோரும் உண்டு. அவர்களுக்கு நாம் இதைச் சொல்லமாட்டோம். இவனிடம், "இரு, படி" என்றோம்.

தகப்பன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு தங்கையைப் பற்றிக் கேட்டார். அவள் அடுத்த வருடம் உயர்தரம் எழுதுகிறாள். அண்ணனின் நான்காம் வருடமும் தங்கையின் முதலாம் வருடமும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது? எம்மிடம் விடையில்லை. "அவளைத்தானே நிறுத்துவீங்க?" என்று மகன் கேட்டான். தாய் உடனே, "யாரையும் நிறுத்தல" என்றார்.

படிவத்தை ஒப்படைக்க இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன. மகாபொல நான்காம் வருடத்திற்கும் தொடருமா என்று மாணவர் நலன்புரிப் பிரிவில் எழுத்தில் கேட்டு வரும்படி மகனை அனுப்பினோம். தகப்பன் மரக்கறி லொறியில் மூட்டை ஏற்றும் வேலை விசாரிக்க நுவரெலியாவுக்குப் புறப்பட்டார்.