போர் விமானத்தில் இருந்து எரிபொருள் டேங்க் கழன்று விழுமா? மிக்-21 சிமுலேட்டர் சொல்லும் கணக்கு

2020 ஜனவரியில் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்கு சுகோய்-30 விமானங்கள் வந்தன. அரியலூரில் இருந்து தஞ்சாவூர் ஒரு மணி நேரப் பயணம்தான், பெரம்பலூர் அதைவிடக் கொஞ்சம் தூரம். வானத்தில் உறுமல் சத்தம் கேட்டு அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு கேள்வி வரும். அதுல இருந்து ஏதாவது கழன்று கீழே விழுந்தா?

விழுந்திருக்கிறது, நம்ம மாநிலத்திலேயே. 2019 ஜூலை 2-ம் தேதி காலை, கோவை சூலூர் தளத்தில் இருந்து வழக்கமான பயிற்சிக்குக் கிளம்பிய தேஜஸ் விமானத்தின் 1,200 லிட்டர் எரிபொருள் டேங்க் நடுவானில் கழன்று, இருகூர் அருகே விவசாய நிலத்தில் விழுந்தது. யாருக்கும் காயமில்லை. விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. விசாரணைக்கும் உத்தரவானது.

அதுக்கு 5 நாள் முன்னாடி, ஜூன் 27-ல், ஹரியானா மாநிலம் அம்பாலாவில் நடந்தது வேறு கதை. அங்கே கிளம்பிய ஜாகுவார் விமானத்தின் மீது பறவை மோதியது. பைலட் கூடுதல் டேங்குகளையும் பயிற்சி குண்டுகளையும் தானே கழற்றிவிட்டார், எடை குறைந்த விமானத்தைப் பத்திரமாக இறக்கினார். ஆனால் கழற்றிவிட்டவை விழுந்தது குடியிருப்புப் பகுதியில். ஒன்று தானாக விழுந்தது, இன்னொன்று வேண்டுமென்றே போட்டது. செய்தியில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவிடுகிறோம்.

எதுக்கு வெளியே ஒரு டேங்க்?

அரியலூர் சிமென்ட் லாரிகளில் தூரப் பயணத்துக்காகக் கூடுதல் டீசல் டேங்க் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே யோசனைதான். போர் விமானத்தின் உடம்புக்குள் இடம் குறைவு. அதனால் இறக்கைக்குக் கீழேயோ வயிற்றுக்குக் கீழேயோ குண்டு வடிவத்தில் ஒரு டேங்கைத் தொங்கவிடுகிறார்கள். ஆங்கிலப் பெயர் டிராப் டேங்க். பெயரிலேயே விஷயம் இருக்கிறது: தேவை முடிந்தால் கீழே போடுவதற்காகவே செய்தது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனில் அழுத்திய காகிதத்தையும் பசையையும் வைத்தே இந்த டேங்குகளைச் செய்தார்கள். எப்படியும் போடப்போறது, அதுக்கு எதுக்கு உலோகம்!

1,200 லிட்டர் டேங்க் நிறைந்திருந்தால் எரிபொருள் மட்டுமே கிட்டத்தட்ட 950 கிலோ. காலியானாலும் சும்மா இருக்காது, காற்றைத் தடுத்து விமானத்தைப் பின்னால் இழுக்கும். அதாவது டேங்கைச் சுமப்பதற்கே கொஞ்சம் எரிபொருள் செலவாகும். டேங்க் தொங்கும்போது வேகத்துக்கும் திருப்பத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. எதிரி விமானம் வந்துவிட்டால் பைலட் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, டேங்கைக் கழற்றிவிடுவது.

மிக்-21ல் என்ன சிக்கல்?

1963-ல் நம்ம விமானப்படைக்கு வந்து, 2025 செப்டம்பர் 26-ல் சண்டிகரில் விடைபெற்றது மிக்-21. நம்மூர்ப் பையன் ஒருத்தர் அதை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் இனி கம்ப்யூட்டர் சிமுலேட்டர்தான். டிசிஎஸ் வேர்ல்டு என்ற சிமுலேட்டரில் மிக்-21பிஸ் ரகம் இருக்கிறது. பட்டனைத் தட்டினால் பறக்கும் மொபைல் கேம் என்று நினைத்து உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள்.

மிக்-21பிஸ் உள்ளே கொள்வது 3,000 லிட்டருக்குள்தான். ஆஃப்டர்பர்னரைப் போட்டால் அது மளமளவென்று கரையும். அதனால் 490 லிட்டர் அல்லது 800 லிட்டர் டேங்க் வயிற்றுக்குக் கீழே, தேவைப்பட்டால் இறக்கைகளில் ஆளுக்கொரு 490 லிட்டர்.

சிமுலேட்டரில் புதுசா உட்காருகிறவர்கள் தடுமாறும் இடம் எரிபொருள் முள். நம்ம பைக்கில் டேங்குக்குள் மிதவை இருக்கும், மட்டம் இறங்கினால் முள்ளும் இறங்கும். மிக்-21ல் அப்படி இல்லை. என்ஜினுக்குப் போகும் எரிபொருளை ஒரு மீட்டர் எண்ணும், முள்ளில் இருந்து அந்த அளவு கழியும். மொத்தம் எவ்வளவு என்று கிளம்பும் முன் பைலட்தான் கையால் திருகி வைக்கணும். வீட்டுச் செலவை நோட்டில் கழித்துக்கொண்டே வருவது மாதிரி. முதல் வரியில் சம்பளத்தைத் தப்பாக எழுதினால் மாசக் கடைசி வரைக்கும் தப்புதான்.

இப்போ டேங்க் கதைக்கு வாங்க. வயிற்று டேங்கில் இன்னும் 200 லிட்டர் இருக்கும்போதே கழற்றிவிட்டீர்கள் என்று வையுங்கள். அந்த 200 லிட்டர் என்ஜின் வழியாகப் போகவில்லை, அதனால் மீட்டருக்குத் தெரியாது. முள் பழைய கணக்கையே காட்டும். தளம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், முள்ளில் எரிபொருள் இருக்கும்போதே என்ஜின் நின்றுபோகும். இதைத் தடுக்கத்தான் டேங்க் காலியானதும் எரியும் தனித்தனி விளக்குகளும், 450 லிட்டர்தான் மிச்சம் என்று எச்சரிக்கும் விளக்கும். முள்ளைவிட விளக்கை நம்பணும் என்பதைச் சிமுலேட்டரில் இரண்டு தடவை விழுந்த பிறகு யாரும் மறப்பதில்லை.

இன்னொரு ஆபத்து, ஒரு பக்க டேங்க் கழன்று மறுபக்க டேங்க் மாட்டிக்கொள்வது. டிவிஎஸ் 50-ல் ஒரு பக்கம் மட்டும் தண்ணிக் குடத்தைக் கட்டி ஓட்டிப் பாருங்கள், புரியும்.

சரி, நம்ம தலைக்கு மேல?

சுகோய்-30 பெரிய விமானம். உள்ளேயே 9 டன்னுக்கு மேல் எரிபொருள் கொள்ளும். நம்ம விமானப்படை அதில் பொதுவாக டிராப் டேங்க் மாட்டுவதில்லை. ஆகவே தஞ்சாவூர் சுகோயில் இருந்து டேங்க் விழும் என்ற பயத்துக்கு வேலை குறைவு. தேஜஸ், ஜாகுவார் மாதிரி சின்ன விமானங்களில்தான் வெளி டேங்குகள் வழக்கம்.

உயிர்ச்சேதம் இல்லை என்றாலும் பாதிப்பு இருக்கும். 2018 பிப்ரவரியில் ஜப்பானில் என்ஜினில் தீப்பிடித்த அமெரிக்க எஃப்-16 ஒன்று இரண்டு டேங்குகளை ஒகவாரா ஏரியில் போட்டது. எண்ணெய் பரவி, அங்கே மட்டி எடுத்துப் பிழைக்கும் மீனவர்களின் தொழில் நின்றுபோனது.

எங்கேயாவது அப்படி ஒன்று விழுந்து கிடந்தால் கிட்டே போய் செல்ஃபி எடுக்காதீங்க. உள்ளே மிச்சம் இருப்பது மண்ணெண்ணெய் ரகம், பீடி நெருப்பு கூட ஆகாது. டேங்கைக் கழற்றிவிடச் சின்ன வெடிப்பொருள் பயன்படுத்தும் விமானங்களும் உண்டு, அந்தப் பாகம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். ஆடு மாடுகளைத் தள்ளி ஓட்டிவிட்டு 112-க்குப் போன் போடுங்க. பக்கத்தில் கிணறு இருந்தால் அதையும் போலீஸிடம் மறக்காமல் சொல்லுங்க.