பார்ட்டியில் எக்ஸ்பி எப்படிப் பங்கு பிரிகிறது?

ஆன்லைன் ரோல்-பிளேயிங் கேம் ஆடத் தொடங்கும் எவருக்கும் சீக்கிரமே ஒரு சந்தேகம் வரும். தனியாக ஒரு மான்ஸ்டரைக் கொன்றபோது 145 எக்ஸ்பி கிடைத்தது. நண்பர்கள் நான்கு பேரோடு பார்ட்டி சேர்ந்து அதே மான்ஸ்டரைக் கொன்றால் 40 தான் கிடைக்கிறது. அப்படியானால் கூட்டாக ஆடுவது நஷ்டமா?

பெரும்பாலும் நஷ்டமில்லை. ஆனால் எப்போது லாபம், எப்போது நஷ்டம் என்பது அந்த கேமின் பங்கீட்டு விதியைப் பொறுத்தது. அந்த விதி தெரிந்துவிட்டால் யாரோடு சேர வேண்டும், எங்கே போக வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

எக்ஸ்பி என்பது என்ன?

எக்ஸ்பி என்றால் அனுபவப் புள்ளி. மான்ஸ்டரைக் கொன்றாலோ, ஒரு குவெஸ்ட்டை முடித்தாலோ அது சேரும். குறிப்பிட்ட அளவு சேர்ந்ததும் லெவல் ஏறும். புதிய திறன்கள் திறக்கும்.

இந்த முறை கணினிக்கு வருவதற்கு முன்பே மேசையில் ஆடப்பட்டது. 1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் குழுவாகப் போய் வென்று வந்ததற்கான புள்ளிகளை உயிரோடு திரும்பியவர்களுக்கு, ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் பகிர்ந்து கொடுப்பார். ஆளைப் பார்த்து, சூழ்நிலையைப் பார்த்து முடிவெடுக்க அங்கே ஒரு மனிதர் இருந்தார். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஆடும் சர்வரில் அப்படி ஒருவரை உட்கார வைக்க முடியாது. அவர் வேலையை ஒரு சூத்திரம் செய்ய வேண்டியதாயிற்று.

முதல் கேள்வி: இது யாருடைய மான்ஸ்டர்?

பங்கு பிரிப்பதற்கு முன்னால், அந்த மான்ஸ்டர் யார் கணக்கில் சேரும் என்று தீர்மானிக்க வேண்டும். 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் தொடக்கத்தில், முதலில் அடித்தவருக்கே அது சொந்தமாக இருந்தது. அதை ‘டேக்’ செய்வது என்பார்கள். ஒருவர் டேக் செய்த மான்ஸ்டரின் பெயர்ப் பட்டை மற்றவர்களுக்குச் சாம்பல் நிறமாகிவிடும். அதன் பிறகு நீங்கள் எவ்வளவு அடித்தாலும் உங்களுக்கு எதுவும் வராது. டேக் செய்தவர் ஒரு பார்ட்டியில் இருந்தால் உரிமை பார்ட்டி முழுவதற்கும் போகும். அருகில் இருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு. வெகு தொலைவில் நிற்பவருக்குக் கிடையாது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. யார் எவ்வளவு அடித்தார் என்று இந்த முறை பார்ப்பதே இல்லை. ஹீலர் ஒரு அடிகூட அடிக்காமல் மற்றவர்களின் உயிரைக் காத்துக்கொண்டிருந்தாலும் அவருக்கு முழுப் பங்கு உண்டு. அடியைக் கணக்கிட்டுப் பிரித்தால் ஹீலராக ஆட யாரும் முன்வர மாட்டார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

பழைய வார்கிராஃப்டில், உங்கள் லெவலிலேயே இருக்கும் ஒரு சாதாரண மான்ஸ்டர் தரும் எக்ஸ்பிக்கு எளிய சூத்திரம்தான்: உங்கள் லெவலை 5-ஆல் பெருக்கி 45 கூட்ட வேண்டும். லெவல் 20 என்றால் 100 + 45 = 145.

பார்ட்டியில் இந்த 145 பிரியும். ஆனால் ஆள் கூடினால் மொத்தத் தொகைக்கு ஒரு போனஸ் உண்டு. இரண்டு பேருக்கு போனஸ் இல்லை. மூன்று பேர் என்றால் மொத்தம் 1.166 மடங்கு, நான்கு பேருக்கு 1.3, ஐந்து பேருக்கு 1.4.

எல்லோரும் லெவல் 20 என்று வைத்துக்கொண்டால்:

- தனியாக: 145
- இரண்டு பேர்: ஆளுக்குச் சுமார் 72
- மூன்று பேர்: ஆளுக்குச் சுமார் 56
- நான்கு பேர்: ஆளுக்குச் சுமார் 47
- ஐந்து பேர்: ஆளுக்குச் சுமார் 40

ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு மான்ஸ்டருக்கு 145-க்குப் பதில் 40 தான். ஆனால் நீங்கள் கணக்கிட வேண்டியது ஒரு மான்ஸ்டருக்கு எவ்வளவு என்று அல்ல, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று. தனியாக ஆடும்போது ஒரு சண்டை முடிந்ததும் உட்கார்ந்து சாப்பிட்டு, மானா ஏற்றிக்கொண்டு, பிறகுதான் அடுத்ததைத் தொட முடியும். ஐந்து பேரில் ஒருவர் டேங்காக நின்று அடி வாங்க, ஒருவர் காக்க, மூவர் அடித்தால் அந்த இடைவெளி பெரும்பாலும் இருக்காது. தனியாகக் கொல்வதைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் வேகமாகக் கொன்றாலே ஐந்து பேரும் லாபத்தில் இருப்பார்கள். டன்ஜனில் இருக்கும் எலைட் மான்ஸ்டர்கள் இருமடங்கு எக்ஸ்பி தருபவை. அவற்றைத் தனியாக வெல்வதும் கடினம். அங்கே பார்ட்டியின் பலன் இன்னும் கூடும்.

லெவல் வேறுபட்டால்?

பார்ட்டியில் எல்லோரும் ஒரே லெவலில் இருப்பது அரிது. பழைய வார்கிராஃப்ட் இதற்கு லெவலின் விகிதத்தில் பங்கு கொடுத்தது. லெவல் 22-ம் லெவல் 18-ம் சேர்ந்தால் கூட்டுத்தொகை 40. முதலாமவருக்கு 55 சதவீதம், இரண்டாமவருக்கு 45. இதில் யாருக்கும் பெரிய வருத்தம் இராது. லெவல் 60-ம் லெவல் 20-ம் சேர்ந்தால்? கூட்டுத்தொகை 80. சின்னவருக்குக் கால் பங்குதான்.

கேம் இப்படிச் செய்ததற்குக் காரணம் உண்டு. பலசாலியான ஒருவர் எல்லாவற்றையும் கொன்று தள்ள, புதியவர் சும்மா நின்று லெவல் ஏறிக்கொண்டே போனால் விளையாட்டில் பொருளில்லை. ஆனால் விதி எதுவானாலும் வழி கண்டுபிடிப்பவர்கள் உண்டு. 2019-இல் வார்கிராஃப்ட் கிளாசிக் வந்தபோது ‘பூஸ்ட்’ ஒரு தொழிலாகவே நடந்தது. லெவல் 60 மேஜ் ஒருவர் டன்ஜனுக்குள் ஓடி, வழியில் இருக்கும் மான்ஸ்டர்களை எல்லாம் தன் பின்னால் கூட்டமாக இழுத்து வருவார். ஓரிடத்தில் அவற்றை உறைய வைத்து, பனிப்புயல் மந்திரத்தால் நகரவிடாமல் மெதுவாக்கி, மொத்தமாகக் கொல்வார். கேமுக்குள் இருக்கும் தங்கத்தைக் கட்டணமாகக் கொடுத்த நான்கு பேர் பாதுகாப்பான தொலைவில் நின்றுகொண்டிருப்பார்கள். ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் அவர்களுக்குக் கிடைப்பது சிறு பங்குதான். ஒரே மூச்சில் ஏராளமான மான்ஸ்டர்கள் சாவதால் அந்தச் சிறு பங்கே வேகமாகப் பெருகிவிடும்.

பங்கு முறையை ஆடுபவர்களே தேர்ந்தெடுத்தால்?

2002-இல் கொரியாவிலிருந்து வந்த ராக்னராக் ஆன்லைன் இதை ஆடுபவர்களிடமே விட்டது. பார்ட்டித் தலைவர் இரண்டு முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்றில், அவரவர் உழைப்பு அவரவருக்கு. மற்றொன்றில், ஒரே மேப்பில் இருக்கும் எல்லோருக்கும் சம பங்கு. முதல் முறையில், ஹீலரான பிரீஸ்ட்டாக ஆடுபவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால் பார்ட்டி என்றாலே சம பங்கு என்பது வழக்கமாயிற்று. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: உறுப்பினர்களிடையே லெவல் வித்தியாசம் ஓர் எல்லையைத் தாண்டக் கூடாது. அந்த எல்லை தாண்டினால் சம பங்கு வேலை செய்யாது. வேகமாக லெவல் ஏறிய ஒருவர் தன் பழைய நண்பர்களோடு சேர முடியாமல் போவது இப்படித்தான்.

தவறான சூத்திரம் என்ன செய்யும்?

1999-இல் வந்த எவர்குவெஸ்ட் இதற்குச் சரியான உதாரணம். அதில் பாலடின், ரேஞ்சர், பார்ட், ஷேடோ நைட் ஆகிய கலப்பு வகுப்புகள் லெவல் ஏற, கிளெரிக் போன்ற வகுப்பைவிட 40 சதவீதம் அதிக எக்ஸ்பி தேவைப்பட்டது. பார்ட்டியிலோ, அதுவரை மொத்தம் அதிகம் சேர்த்தவருக்கு அதிகப் பங்கு என்று கணக்கு இருந்தது. விளைவு, ஒரே லெவலில் இருந்தாலும் பாலடின் மற்றவர்களைவிடப் பெரிய பங்கை எடுத்துக்கொண்டார். அவருக்கான சுமையைப் பார்ட்டி முழுவதும் சுமந்தது. அதனால் அந்த வகுப்புகளைச் சேர்த்துக்கொள்ளப் பலர் தயங்கினார்கள். ஆடியவர் திறமைசாலியா, நல்லவரா என்பதற்கு அங்கே இடமே இல்லாமல் போனது. அந்தச் சுமை பின்னாளில் நீக்கப்பட்டது.

விதிகள் மாறிய விதம்

ஃபைனல் ஃபேன்டஸி 11 தொடக்கத்தில் பார்ட்டியின் உயர்ந்த லெவலை வைத்தே எக்ஸ்பியைக் கணக்கிட்டது. லெவல் பொருந்தும் ஆறு பேரைத் தேடிக் காத்திருப்பதே பெரும்பாடு. 2008-இல் ‘லெவல் சிங்க்’ வந்தது: பார்ட்டியில் ஒருவரைக் குறிப்பிட்டால், மற்றவர்களின் லெவல் தற்காலிகமாக அவர் அளவுக்கு இறங்கும். முன்னால் போய்விட்டவர் பின்னால் இருப்பவரோடு சேர்ந்து ஆடலாம். இருவருக்கும் எக்ஸ்பி கிடைக்கும்.

2012-இல் கில்டு வார்ஸ் 2 பங்கு பிரிப்பதையே கைவிட்டது. ஒரு மான்ஸ்டரைக் கொல்வதில் போதிய அளவு உதவிய ஒவ்வொருவருக்கும் முழு எக்ஸ்பி, தனித்தனி லூட். பார்ட்டியில் இல்லாத அந்நியர் வந்து உதவினாலும் உங்கள் கணக்கில் ஒரு புள்ளிகூடக் குறையாது. எதிரே வருபவர் போட்டியாளராகத் தெரியாமல் துணையாகத் தெரிவார்.

பார்ட்டியில் சேரும் முன்

மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பங்கு சமமா, லெவல் விகிதமா, அடித்த அளவா? லெவல் வித்தியாசத்துக்கு எல்லை உண்டா? எத்தனை பேருக்கு மேல் போனஸ் தொடங்கும்? இவற்றோடு குவெஸ்ட் கணக்கையும் பாருங்கள். வார்கிராஃப்டில் குவெஸ்ட் முடித்ததற்கான எக்ஸ்பி பிரிவதில்லை. ஆளுக்கு முழுதாகக் கிடைக்கும். ‘இத்தனை மான்ஸ்டரைக் கொல்’ என்ற குவெஸ்ட் என்றால் ஒருவர் கொன்றது எல்லோர் கணக்கிலும் ஏறும், பார்ட்டிக்கு ஏற்றது. ‘இத்தனை பொருள் கொண்டுவா’ என்றால் பெரும்பாலும் ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். அங்கே கூட்டம் கூடக் கூட வேலை இழுக்கும்.

ஒரு பங்கீட்டு விதி நல்லதா என்று பார்க்க என்னிடம் இருக்கும் அளவுகோல் எளிது. அந்த விதியின் கீழ் ஹீலருக்கு இடமிருக்கிறதா? நேற்று சேர்ந்தவரோடு நெடுநாள் ஆடியவர் நஷ்டமில்லாமல் சேர முடிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அந்த கேமில் மனிதர்கள் ஒருவரையொருவர் தேடிப்போவார்கள். இல்லை என்றால் அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் சூத்திரம் அவர்களைப் பிரித்துவிடும்.